நிறுத்திய பின்னும் ஓடிய எஞ்சின்

சீனித்தம்பி அண்ணன் அன்று எஞ்சினை நிறுத்தக் கார்த் திறப்பைத் திருப்பித்தான் விட்டார். அதை என் கண்ணால் கண்டேன். திருப்பவில்லை என்று அவரையே நம்பவைத்த பாவி நான்!

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இன்றுவரை இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

போர்க்காலம். எங்கள் வெல்லாவெளிப் பக்கத்துக்கு ஆமிக்காரர் பெற்றோல் விடமாட்டார்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் ஒரு மூடி பெற்றோல். சீனித்தம்பி அண்ணன் வாடகைக்கு ஓட்டிய மொரிஸ் மைனர் புகை கக்கத் தொடங்கியதும் என் கராஜுக்குத்தான் கொண்டுவந்தார். எஞ்சினை இறக்கிப் பிரித்தேன்.

என் முன்னால் இரண்டு தொகுதி பிஸ்டன்கள் இருந்தன. ஒன்று அவருடைய காரிலேயே கிடந்தது. தலை குழிந்தது, பழையது, புது ரிங் போட்டால் ஓடும். மற்றது காத்தான்குடிப் பழைய இரும்புக் கடையில் நான் எப்போதோ பொறுக்கி ஒளித்து வைத்தது. தலை மேடானது, புதிது போல மினுங்கும்.

"பழசையே போடு தம்பி, ஓடினாக் காணும்" என்றார் அண்ணன்.

மேடான பிஸ்டன் எண்ணெய் ஆவியை இறுக்கி நெரிக்கும். நல்ல பெற்றோலுக்கு அது பலம். மண்ணெண்ணெய் அந்த நெரிப்பைத் தாங்காது... சூடேறினால் பொறியே இல்லாமல் தானாகப் பற்றும். திறப்பைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் உதறிக்கொண்டு ஓடும். எனக்கா இது தெரியாது? நன்றாகத் தெரியும்! ஆனாலும் அவருக்குச் சொல்லாமல் மேடானதையே போட்டேன். ஏன்? 'ஆர் கட்டின எஞ்சின் இது, இப்படி இழுக்குது' என்று ஊர் கேட்க வேண்டும். வேறு காரணமே இல்லை. அற்பத்தனம்!

ஓட்டிப் பார்த்தேன். பறந்தது. கராஜுக்குத் திரும்பி நிறுத்தியபோது ஐந்தாறு தரம் உதறிவிட்டுத்தான் அடங்கியது. கேட்டேன், கேளாதவன் போல இருந்தேன். போகப் போகப் படிந்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அன்று மாலையே காரைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அவர் தன் மனைவி பூரணக்காவைக் கண் காட்ட மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் அன்று பஸ்ஸில் போனவன், வழியில் ராணுவச் சோதனைச் சென்றியில் எங்களை இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். உச்சி வெயில். வாகனங்கள் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும், நிறுத்தாவிட்டால் சுடுவார்கள் என்பது அங்கே சட்டம்.

கார் வந்து நின்றது. அண்ணன் குனிந்து திறப்பைத் திருப்பினார். இரண்டு கையையும் உயர்த்தினார். எஞ்சின் நிற்கவில்லை! ஆமிக்காரன் நிறுத்து என்று கத்தினான். அது உதறியது... கார் முழுவதும் நடுங்கியது. அவன் மறுபடி கத்தினான். "அவர் நிப்பாட்டிற்றார், எஞ்சின்தான் நிக்குதில்ல" என்று நான் ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லையே!

சுட்டுவிட்டான். பின் இருக்கையில் இருந்த பூரணக்கா அப்படியே சரிந்தார். அண்ணனை வெளியே இழுத்துத் தலையில் அடித்தார்கள். எஞ்சின் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

அண்ணனுக்கும் நினைவில்லை. தலையில் பட்ட அடி அந்த நிமிடத்தையே அழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"நீ அதில நிண்டனியாமே... நான் திறப்பைத் திருப்பினனா தம்பி?"

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். சத்தியம்! ஆனால் வாயில் வந்தது வேறு.

"பயத்தில மறந்திட்டீங்க போல, அண்ணன்."

அவர் அதன் பிறகு எந்த வாகனத்திலும் ஏறவில்லை. பெண்சாதியைத் தானே கொன்றவன் என்று தன்னை ஏசிக்கொண்டு எங்கும் நடந்தே திரிந்தார். நானோ பெயர்பெற்ற மெக்கானிக் ஆனேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. எப்படிச் சந்தேகிப்பார்கள்?

போன கிழமை அவர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று அறிந்து பார்க்கப் போனேன். இப்போதாவது சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். நான் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"நீ நல்லாத்தான் கட்டித் தந்தாய். நான்தான் உன்ட எஞ்சினையும் பாழாக்கிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளு தம்பி."

பரவாயில்லை அண்ணன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.