பச்சை ஒயர்

என் மனைவி வாஷிங் மெஷினில் ஷாக் அடித்து இறந்துபோனாள். கடலூரில் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்டது, அது எந்தக் கம்பெனி மெஷின் என்றுதான். நானும் சளைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அழுகை வரவில்லை. தானாக வரும் என்றார்கள். அப்படியும் வரவில்லை.

சிதம்பரத்திலிருந்து அவளுடைய அண்ணன் வந்து தங்கியிருந்தார். கோபக்காரர். கொல்லைப்பக்கம் போய் மெஷினைப் பார்த்துவிட்டு வந்து, "அந்தச் சனியன தூக்கி வெளிய கடாசுங்க மச்சான். பாத்தாலே பத்திக்கிட்டு வருது," என்றார். எனக்குக் கோபமும் வரவில்லை. தூக்கிப் போடுவதற்கு முன்னால் என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. தெருக்கோடி எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன்.

அந்த மெஷின் சில காலமாகவே தொட்டால் கையைச் சுர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பழுது என்றே நினைக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் மெஷினைத் தொட வேண்டும். செருப்பை வாங்கி வைத்தவள் அவள்தான். வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "செருப்பு போட்டுக்குங்க, அது கொஞ்சம் கடிக்கும்," என்பாள், வளர்க்கிற பூனையைப் பற்றிச் சொல்வதுபோல.

அன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு, ஈரக் காலோடு மெஷினை நிறுத்தப் போயிருக்கிறாள். சுத்தம் செய்த காலில் அந்த அழுக்குச் செருப்பை மாட்ட மனம் வந்திருக்காது. செருப்பு சுவரோரமாக அப்படியே இருந்தது.

எலக்ட்ரீஷியன் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மோட்டாருக்குப் போற ஒயர் தோல் உரிஞ்சு பாடியில பட்டிருக்கு பாய். இரும்பு பாடிதானே, மொத்தமும் கரண்டு."

"மூணு பின் பிளக்குதானே? எர்த்துன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்று அண்ணன் எகிறினார்.

"அதத்தான் நானும் பாக்குறேன். எர்த்து ஒழுங்கா இருந்தா, பாடிக்கு வந்த கரண்ட மண்ணுக்கு இழுத்துட்டுப் போயிடும். அந்த இழுப்புலயே ஃபியூஸ் போயிடும். ஆளக் கொல்லாது. எர்த்து எங்க பாய் குடுத்திருக்கு?"

ஜன்னல் வழியாகக் கொல்லைக்குப் போகும் பச்சை ஒயரைக் காட்டினேன். வீடு கட்டியபோது அதை போர் போட்ட இரும்புக் குழாயில் கட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, போன வருஷம் பிளாஸ்டிக் குழாய் மாற்றினோம். பச்சை ஒயர் இப்போது அந்தப் பிளாஸ்டிக் குழாயில் வரிசையாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, டேப் ஒட்டி இருந்தது.

எலக்ட்ரீஷியன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குழாயை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்குல கரண்டு எப்படி பாய் மண்ணுக்குப் போவும்? யாரு கட்டுனது இத?"

"அந்தக் குழாய்க்காரன் எங்க இருக்கான்னு சொல்லுங்க மச்சான். இப்பவே போறேன்," என்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

குழாய்க்காரர் கட்டவில்லை. அவர் ஒயரைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார். சாயந்திரம் அதைப் பார்த்தவள் அவள்தான். "என்னங்க, இது எதுக்கோதான் கட்டியிருந்தாங்க. இப்படியே வுடக் கூடாது. புள்ளைங்க வந்து போற வீடு," என்றாள். ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். டேப் ஒட்டினாள். கழன்று வருமா என்று இரண்டு தரம் இழுத்தும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மெஷின் கடிக்க ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"சொல்லுங்க மச்சான், யாரு கட்டுனது?"

"தெரியல," என்றேன்.

எலக்ட்ரீஷியன் டேப்பை உரித்துவிட்டு முடிச்சை வெட்டக் கட்டிங் பிளேயரை எடுத்தார். வேண்டாம், நானே அவிழ்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். நகம்கூட உள்ளே நுழையவில்லை. அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தாள். குனிந்து, அவள் கடித்த இடத்திலேயே பல்லை வைத்தேன். முடிச்சு அவிழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.