சாரத்தில் தொங்கிய என் கண்கள்

காற்றில் பிளெக்ஸ் அடித்துக்கொள்ளும் சத்தம்... படார், படார் என்று. ஓசூர் மார்கழிப் பனியில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தச் சத்தம்தான் முதலில் வரும். பிறகு பனி கொஞ்சம் விலகும். எதிரே பாதி கட்டிய கட்டடத்தின் சாரத்திலிருந்து இரண்டு பெரிய கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கண்கள் என்னுடையவை. சத்தியமாக.

இரண்டு நாளாக நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தியைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களே... கட்டடங்களில் திருஷ்டிக்காக யாரோ ஒரு பெண் முறைக்கிற படத்தை மாட்டுகிறார்களாம், யார் அவள் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிது. வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைன். முடியளவு கீறல் இருக்கிறதா என்று விளக்கடியில் பார்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டும். கண்தான் சோறு போட்டது. கண் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

சேஃப்டி வாரத்துக்கு ‘கண்ணைக் காப்போம்’ என்று ஒரு பேனர் வைத்தார்கள். போட்டோவுக்கு என்னை நிறுத்தி, இன்னும் பெரிதாக முழிக்கச் சொல்லி சேஃப்டி ஆபீசர் உயிரை எடுத்தார். எரிச்சலில் முறைத்தேன். மனிதர் அதையே அச்சடித்துவிட்டார்.

வாரம் முடிந்தால் பேனர் எங்கே போகும்? எல்லா பேனரும் போகிற இடத்துக்குத்தான். ஒரு கட்டட மேஸ்திரி கேட்டு வாங்கிப்போனார். எழுத்து இருந்த பாகத்தை வெட்டி சிமென்ட் மூட்டைகளுக்குப் போர்த்தினார். மிச்சமிருந்த என் முகத்தை, சாரல் அடிக்காமலிருக்க சாரத்தில் கட்டினார்.

முதலில் ஹாஸ்டலில் ஒரே கேலி. ‘கட்டடத்துக்காரி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு காலையில் என் முகத்துக்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. அமாவாசைக்கு மறுநாள் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. ஸ்டாப்பில் பூ விற்கும் அம்மா என்னை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். தலையைக் குனிந்துகொண்டே பூவை நீட்டுவார். ஸ்கூல் வேனுக்கு நிற்கும் குழந்தை ஒன்று என்னைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்ளும்.

ஒரு ராத்திரி நல்ல மழை. விடிந்து பார்த்தால், மேலே இருந்த கம்பிகளின் துரு கரைந்து, படத்தின் இரண்டு கண்களிலிருந்தும் சிவப்பாக வழிந்திருந்தது. அன்று காலை ஹாஸ்டல் கண்ணாடியில் என் கண்களும் சிவந்துதான் இருந்தன...

டாக்டர் அலர்ஜி என்று சொட்டு மருந்து கொடுத்தார். குறையவில்லை. லைனில் கீறல் விழுந்த பீஸ்களைத் தவறவிட ஆரம்பித்தேன். இப்படியே போனால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். போனில் அம்மா ஒரே அழுகை. “ஊர்க்கண்ணு பூராம் உன் மூஞ்சியிலதாம்ட்டி விழுது. மொதல்ல அதக் கழட்டி எறி.”

இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் பயந்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூசிக்குத் துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அங்கே போனேன். மேஸ்திரி மறுப்பே சொல்லவில்லை, கழற்றிக்கொள்ளச் சொன்னார். நான் கயிற்று முடிச்சில் கை வைத்தபோது, கலவை சுமந்து வந்த ஒரு சித்தாள் அப்படியே நின்றார். என் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கோயில் வாசலில் கழற்றுவதுபோல் செருப்பைக் கழற்றினார்.



துப்பட்டாவை இறக்கி, நான் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்தான், கண் சரியில்லை, அதனால் கழற்ற வந்தேன் என்று படபடவென்று சொன்னேன். அவர் பெயர் மாதம்மா. தேன்கனிக்கோட்டைப் பக்கம். முதலில் “பேடம்மா” என்று கன்னடத்தில்தான் வந்தது. அப்புறம் தமிழில் சொன்னார்.

“வேணாம்மா, அவுக்காத. எங்க வூட்டுக்காரரு இந்தச் சாரத்துலருந்துதான் வுழுந்தாரு. இன்னும் எழுந்து நடக்கல. இதக் கட்டுனப்புறம் ஒருத்தரும் வுழல. நீ பாத்துகினு இருக்கறன்னுதான் நான் ஏறுறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பெல்ட் கேளுங்கள், வலை கட்டச் சொல்லுங்கள், படம் என்ன செய்யும் என்று சத்தம் போட்டேன். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார். மாதம்மா மெதுவாகச் சொன்னார்.

“அதெல்லாம் குடுத்திருந்தா ஒன்ன ஏம்மா கும்புடப் போறோம்.”

முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மாதம்மா சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். சவுக்குக் கம்புகள் கிறீச்சிட்டன. பாதியில் ஒரு கால் லேசாக வழுக்கியது. அவர் கீழே பார்க்கவில்லை, அந்தப் படத்தைத்தான் பார்த்தார். நான் கீழே நின்று அவரைப் பார்த்தேன். மேல் தளத்தில் கால் வைக்கும்வரை இமைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

லைனில் பீஸ்களைக் கழுவும் ஆயிலை மாற்றிய பிறகு என் கண் சரியானது. வேலையும் தப்பியது. கட்டடம் முடிந்ததும் மாதம்மா பிளெக்ஸைச் சுருட்டி அடுத்த சைட்டுக்கு எடுத்துப்போனாராம். அப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை.

இப்போது நான் பெங்களூரில் ஏசிக்குள் உட்கார்ந்து ஸ்கிரீன் பார்க்கிறேன். ஓசூரில் பெரிய அபார்ட்மென்ட்களுக்கெல்லாம் பச்சை வலை கட்டுகிறார்கள். சின்னக் கட்டடங்களில் இன்றும் அதே சவுக்குக் கம்புதான், கூடவே கடையில் வாங்கிய முகம் தெரியாத ஒருத்தியின் படம்.

சில காலைகளில் மட்டும் காரணமே இல்லாமல் கண் எரியும். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். வீட்டுக்காரர், கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படு என்கிறார்.

மூட மாட்டேன். அந்த நேரம் பார்த்து மாதம்மா எங்கேயாவது ஏறிக்கொண்டிருந்தால்?