மூத்தார் இடப்பக்கம் திரும்பினார்

என் கணவரின் அண்ணன் தப்பான வழியில் திரும்பியதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கவனிக்கவில்லை, யோசிக்கவில்லை என்றெல்லாம் சமாளிக்கப் போவதில்லை. ஒரு வருடம் காத்திருந்து செய்த காரியம் அது. படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

மூத்தார் மண்ணூர்பேட்டையில் குடியிருக்கிறார். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். என் கணவருக்கு அதே பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்த ஒரு உபகாரத்துக்காக எங்கள் வீட்டில் எல்லாமே அவரைக் கேட்டுத்தான் நடக்கும். நாங்கள் நெமிலிச்சேரியில் வாடகைக்கு வீடு பார்த்தபோதுகூட, அவர் வந்து குழாயைத் திறந்து பார்த்து, மொட்டை மாடியில் ஒரு சுற்று சுற்றி, சரி என்று தலையாட்டிய பிறகுதான் பால் காய்ச்சினோம்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தம்பி மனைவி மூத்தாரிடம் முகம் பார்த்துப் பேசக்கூடாது. கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும்போது அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "மாமா, பட்டன் மாறியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். நல்லதுதானே சொன்னேன்? மண்டபத்திலிருந்து திரும்பியதும் பஞ்சாயத்து வைத்தார்கள். வந்து ஒரு மாசம் ஆகவில்லை, பெரியவரை எதிரில் நிற்கவைத்துக் குறை சொல்கிறாளே என்று மூத்தாரின் மனைவி ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அவரோ நான் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாலும் என் கணவரைப் பார்த்து "காபி போட சொல்லுடா" என்பார். என் மகள் பேசத் தொடங்கியபின் அவளை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டோம்.

வருடாவருடம் டிசம்பரில் மழை விட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து அருவிக்குப் போவது அவர் ஏற்படுத்திய பழக்கம். ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லைக்குள் இருக்கிற மலை. பயப்படும்படியான ஏற்றம் எதுவும் இல்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறவர்கள்கூட உண்டு. ஓடையை ஒட்டி நடந்தால் முதலில் ஒரு சுனை வரும். அப்புறம் குழந்தைகள் உட்கார்ந்து குளிக்கிற ஆழத்தில் ஒரு மடு. கடைசியில் அருவி. மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரம்தான்.

இதெல்லாம் நான் காதால் கேட்டது. எட்டு முறை அந்த மலைக்குப் போயும் நான் அருவியைப் பார்த்ததில்லை. அடிவாரத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதன் கீழே ஜமுக்காளத்தை விரித்து, புளிசாதக் குண்டானையும் தயிர்சாதத் தூக்கையும் துணிப்பைகளையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு எல்லாரும் ஏறிவிடுவார்கள். முதல் வருடம் வயிற்றில் பிள்ளை, அடுத்த வருடம் கையில் பிள்ளை. அதன்பிறகு காரணம் தேவைப்படவில்லை. சின்ன மருமகள் பையைப் பார்த்துக்கொள்வாள் என்பதும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. குரங்குகளுக்கெல்லாம் என்னை அடையாளம் தெரியும்.

எட்டாவது முறை, மகளுக்கு எட்டு வயது ஆகிவிட்டது, இந்த முறை நானும் வருகிறேன் என்று கணவரிடம் முந்தின வாரமே சொல்லியிருந்தேன். நடுவில் இரண்டு வருடம் ஊரடங்கில் போகாமல் விட்ட ஏக்கம் வேறு. ஆவடி மார்க்கெட்டில் பட்டை வைத்த செருப்பு வாங்கினேன். வேனை விட்டு இறங்கியதும் செருப்புப் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு நின்ற என்னை மூத்தார் மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டு வழக்கம்போல என் கணவரிடம் பேசினார்.

"இன்னாடா, இவளும் வராளா? பாதியில குந்திக்கினா யாருடா தூக்கினு வர்றது? கிரேன்தான் வெக்கணும்."

எனக்கு உடம்பு கனம். அதில் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாரும் சிரித்தார்கள். வேன் டிரைவர் சிரித்தார். என் கணவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதையெல்லாம் பொறுத்திருப்பேன். என் மகளும் சிரித்தாள். பெரியப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, பற்கள் தெரியச் சிரித்தாள்.

நான்கு மணி நேரம் அந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கருவினேன். அவர் கால் உடைய வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் உடைந்தால் பரிதாபம் வந்துவிடும், ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் அசடு வழிய வேண்டும். இத்தனை பேர் முன்னால், இதே மலையில், திருதிருவென்று விழிக்க வேண்டும். அதை என் மகள் பார்க்க வேண்டும். அவளுக்கு அம்மா யார் என்று தெரிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலிருந்து நெமிலிச்சேரி ஸ்டேஷன் படிக்கட்டு என் மலையானது. வேலைக்குப் போகிற ரயிலுக்கு அரை மணி முன்னால் போய் ஏறி இறங்குவேன். முதல் வாரம் மூன்று முறைக்கு மேல் முடியவில்லை, நெஞ்சு அடைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தை நினைத்துக்கொள்வேன், நான்காவது முறைக்குத் தெம்பு வந்துவிடும். சித்திரை வந்தபோது பதினைந்து முறை ஏறினேன். உடம்பு அப்படி ஒன்றும் இளைக்கவில்லை. மூச்சுதான் வசப்பட்டது.

நான் வேலை பார்க்கிற பேக்கிங் கம்பெனியில், பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில் லீவு விடுவார்கள். அப்படிப்பட்ட நாட்களில் வீட்டில் வேலைக்கு என்று சொல்லிவிட்டு, திருவள்ளூர்வரை ரயிலிலும் அப்புறம் இரண்டு பஸ் மாறியும் அந்த மலைக்குப் போனேன். மொத்தம் மூன்று முறை. முதல் முறை சுனையோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை அருவிக்கே போய்விட்டேன். தென்னைமர உயரம்தான் இருக்கும், இரண்டாகப் பிரிந்து விழுந்தது. ஈ காக்கை இல்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டு மூத்தாரை நேருக்கு நேர், பெயர் சொல்லி, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்று போல நான் குளித்ததே இல்லை.

மூன்றாவது முறை போனது அந்த வருட மழைக்குப் பிறகு, குடும்பத்தோடு போகப் போகிற நாளுக்கு இரண்டு வாரம் முன்னால். ஓடையோரப் பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. சுனையைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் அகலமாக, நன்றாக மிதிபட்டு இருந்தது. வலப்பக்கம் இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சந்து. நானும் முதலில் இடப்பக்கம்தான் போனேன். அது மாடு போகிற தடம். அரை மணி நடந்தால் காரைமுள் புதருக்குள் கொண்டுபோய் விட்டு, செங்குத்தான பாறையில் முட்டி நின்றுவிடும். சுடிதாரைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்து சந்துக்குள் நுழைந்தேன், பத்தே நிமிடத்தில் மடு வந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. புளியமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்தார்கள். நான் தண்ணீர் பாட்டில்கள் இருந்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். மூத்தார் தம்பியைப் பார்த்தார். என் கணவர் அதிசயமாக, வரட்டுமேண்ணா என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டை வேனில் வைத்துப் பூட்டினார்கள். அதை முதல் வருடமே செய்திருக்கலாம்.

பிரிகிற இடத்தில் மூத்தார்தான் முன்னால் நின்றார். ஒரு கணம் தயங்கினார். இன்னா புதுசா கீது என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. யாரிடமாவது கேட்கலாமே? கேட்க மாட்டார். தனக்குத் தெரியாத மலையா என்று சொல்லிவிட்டு விடுவிடென்று இடப்பக்கம் திரும்பினார். மற்றவர்கள் சுனையில் முகம் கழுவிக்கொண்டு பின்தங்கியிருந்தார்கள். அவர் பின்னாலேயே என் மகள் ஓடினாள்.

அவள் போவதை நான் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்தால் நின்றிருப்பாள். பாதையில் ஆபத்து எதுவும் இல்லை, முள்ளும் பாறையும்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சும்மா இருந்தது அதனால் அல்ல. சிரித்தாளே, அவளும் போய்ப் பார்க்கட்டும் என்று இருந்தது. பெற்ற பிள்ளைமேலும் அப்படி ஒரு வன்மம் வருமா என்றால், வரும்.

அவர்கள் மறைந்ததும் மற்றவர்களைச் சந்து வழியாக அழைத்துப் போனேன். மூத்தாரின் மனைவி மூச்சு வாங்கினாள், அவள் கையைப் பிடித்து மடுவைத் தாண்டவைத்தேன். மூத்தாரும் என் மகளும் முன்னாலேயே போய்விட்டதாக எல்லாரும் நினைத்தார்கள். அருவியில் யாரும் இல்லை. எல்லாரும் விழித்தார்கள். நான் தண்ணீருக்குள் போய் நின்றேன். பொய் சொல்வானேன், இனித்தது.

நாற்பது நிமிடம் ஆகியும் அவர்கள் வரவில்லை. போனில் சிக்னல் கிடையாது. என் கணவர் பாறைமேல் ஏறி ஏறிப் பார்த்தார். அப்போதுதான் என் முதுகில் கனம் உறைத்தது. மகளுடைய தண்ணீர் பாட்டிலும் அந்தப் பையில்தான் இருந்தது. எனக்கு வழி தெரியும் என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கி ஓடினேன்.

மாட்டுத்தடத்தின் கோடியில் அவர்களைப் பார்த்தேன். மூத்தாரின் செருப்பு வார் அறுந்திருந்தது. சட்டை நனைந்து, முகம் வெளிறி, பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் மகள் அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு தலை ஊக்கால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் பாட்டிலைக் காலி செய்தார்கள். அப்புறம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நல்லவேள, நீ வந்தம்மா. இன்னா வழி இது?"

"இது வழியே இல்ல மாமா. மாட்டுத்தடம். ரெண்டு வாரம் முன்ன நானே இங்க வந்து மாட்டிக்கினேன்."

"அப்ப அங்கயே சொல்றதுக்கு இன்னா?"

"உங்க எதிர்ல நான் பேசக்கூடாதே மாமா."

இந்த வாக்கியத்தை ஸ்டேஷன் படியில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன்! அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தெரிந்தே விட்டதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் இப்போதெல்லாம் நேராகத்தான் பேசுகிறார், மரியாதையாகவும் பேசுகிறார். அந்த விஷயத்தில் நான் ஜெயித்தேன்.

திரும்பி நடந்தபோது அவர் வெறுங்காலோடு பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார். மகள் என் பக்கத்தில் வந்து, அவருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"பெரியப்பா பின்னாடி போறப்ப நான் திரும்பிப் பாத்தேம்மா. நீ என்னியே பாத்துக்கினு இருந்த."

அவரிடம் சொல்வதற்குத்தான் ஒரு வருடமாக வாக்கியம் வைத்திருந்தேன். பாறைச் சந்து முடிந்ததும் ஓடையைக் கடக்க வேண்டும், அங்கே பாறை வழுக்கும். நான் முதலில் இறங்கி நின்று கையை நீட்டினேன். அவள் கொஞ்சம் நின்று, பின்னால் வந்த பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்து போனாள்.