பென்சிலில் வரைந்த பொத்தான்

பிரிக்பீல்ட்ஸில் மென்பொருள் ஆய்வாளராக இருக்கும் மலர்விழி, போர்ட் கிள்ளான் லோரி கம்பெனிக்கு ஒரு மாதிரித் திரை செய்துகொடுத்தாள். பொத்தான்கள் பளபளத்தன, பின்னால் ஒன்றுமே இல்லை. இது வெறும் மாதிரிதான் என்று படித்துப் படித்துச் சொல்லியும் முதலாளி பக்கிரிசாமி அதிலேயே ஒரு லோரியை முன்பதிவு செய்துவிட்டார்.

“புக் பண்ணியாச்சு, லோரி வரலயே! என்னம்மா சிஸ்டம்?”

“பாஸ், அது சும்மா சாம்பிள் லா! யாரு என்ன வேலை செய்வாங்கன்னு நீங்க சொன்னாத்தானே நான் உண்மையானத கட்ட முடியும்?”

“அதான் அழகா இருக்கே. திங்கட்கிழமை ஆரம்பிச்சிடு.”

வாரக்கணக்கில் இதே பதில். வெறுத்துப்போனவள், ஒருநாள் ஒரு தாளில் அதே திரையைப் பென்சிலால் கோணல்மாணலாக வரைந்து அவர் முன் வைத்தாள்.

அவர் முகம் சுளித்தார். “என்ன கிறுக்கல் இது? டிரைவர் திடீர்னு லீவு போட்டா ஆள் மாத்த எங்க அழுத்துறது?”

“இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல பாஸ்? எங்க வேணும்னு நீங்களே வரைங்க!” என்று பல்லைக் கடித்தபடி பென்சிலை அவரிடமே நீட்டினாள்.