கைராசிக்காரியின் கஸ்ஸா

1. முதல் நாள்

சுவிசின் பீல் நகரத்தில் ஒரு ஸ்பீல்சலோனில், அதாவது சூதாட்டக் கூடத்தில், நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். படங்களில் வரும் கசினோவை நினைத்துக்கொண்டு இதை வாசிக்க வேண்டாம். கோட் சூட்டும் இல்லை, பச்சை மேசையும் இல்லை. பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே சுவரோரம் முழுக்கச் சூதாட்ட மெஷின்கள். மூலையில் காசு மாற்றும் கஸ்ஸா. அதற்கு இரண்டு யன்னல்கள். ஒன்றில் மொனிக்கா என்ற சுவிஸ் பெண், மற்றதில் நான். தாள்காசை வாங்கிக்கொண்டு, மெஷினில் போடுவதற்குக் குத்திக்காசாகக் கொடுக்க வேண்டும்.

முதல் நாளே செஃப் (முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) என்னைக் கூப்பிட்டு ஜெர்மனில் சொன்னார்: "இஞ்ச பார், வாற ஆக்களுக்குப் புத்தி சொல்லப்படாது. காசை மாத்திக் குடு, நன்றி சொல்லு, சிரி. அவ்வளவுதான் வேலை."

மூன்றில் சிரிப்புத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பகல் வேளையில் யாரும் சந்தோஷத்துக்காக அங்கே வருவதில்லை. ரெஸ்டோரண்ட்களில் கோப்பை கழுவும் எங்கள் இலங்கைத் தமிழ்ப் பொடியன்களுக்குப் பிற்பகலில் இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவேளை உண்டு. அறைக்குப் போய்ப் படுக்க வேண்டியவர்கள் சைக்கிளை வெளியே சாத்திவிட்டு உள்ளே வருவார்கள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மொனிக்காவிடம் போவார்கள். ஊர்க்காரி பார்த்துவிட்டாளே என்ற வெட்கம். அந்த வெட்கம் நீடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

2. கைவிசேஷம்

தவராசா யாழ்ப்பாணத்துப் பொடியன். நல்ல உழைப்பாளி. மனைவி சிவமலரையும் மகளையும் சுவிசுக்குக் கூப்பிட பெர்மிற் கிடைத்துவிட்டது, டிக்கெட்டுக்குத்தான் காசு சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சேர்க்கிறவன் இங்கே ஏன் வருகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே வேலை.

சித்திரை வருடப்பிறப்பு அன்று அவன் என் யன்னலுக்கு வந்தான். காசுத் தட்டில் ஒரு வெற்றிலையை வைத்தான். அதற்குப் பக்கத்தில் தாளை வைத்தான்.

"அக்கா, இண்டைக்கு வருசம். எனக்கு இஞ்ச கைவிசேஷம் தர ஒருத்தரும் இல்லை. உங்கட கையால வைச்சுத் தாங்கோ."

பாவமாக இருந்தது. தாய் தகப்பனை விட்டு வந்த பிள்ளை, நல்ல நாளில் பெரியவர் ஒருவரின் கையால் காசு வாங்க ஆசைப்படுகிறான் என்றுதான் நினைத்தேன். குத்திக்காசை வெற்றிலையின் மேல் வைத்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் மூலை மெஷின் கத்தியது. காசு கொட்டிக்கொண்டே இருந்தது. தவராசா நிலத்தில் குந்தியிருந்து இரண்டு கையாலும் அள்ளினான்.

அந்தக் காசில்தான் சிவமலரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அவன் தோற்றிருந்தால் வேறு வழி பார்த்திருப்பான். வென்றதுதான் அவனுக்கு வந்த சனியன்.

கதை ஊரெல்லாம் பரவியது. மட்டக்களப்பாள் ஒருத்தி கஸ்ஸாவில் இருக்கிறாள், அவள் கைராசிக்காரி! "மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோட ஒட்ட வைப்பினம் எண்டுறது சும்மா கதையே?" என்று பகிடி விட்டுக்கொண்டு நொஷாட்டலிலிருந்துகூட ரயில் ஏறி வந்தார்கள். என் யன்னலில் வரிசை. பக்கத்தில் மொனிக்கா ஈ ஓட்டினாள். செஃப்புக்குக் காரணம் விளங்கவில்லை, ஆனால் கணக்கு விளங்கியது. என்னை நிரந்தரமாக்கினார்.

தவராசா அதன் பிறகு வெல்லவேயில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "தம்பி, மெஷினுக்குக் கை தெரியுமா? புள்ளையும் பொஞ்சாதியும் பாத்துக்கிட்டு இருப்பாங்க, வீட்ட போங்க."

"அபசகுனமாக் கதைக்காதேங்கோ அக்கா. காசை மட்டும் தாங்கோ."

செஃப் பின்னால் நின்றிருக்கிறார். மொழி தெரியாவிட்டாலும் புத்திமதியின் ராகம் எல்லா மொழியிலும் ஒன்றுதான். "இன்னொருக்கா இப்பிடிக் கண்டனெண்டா, சாம்பல் கிண்ணம் துடைக்கத்தான் விடுவன்" என்றார்.

3. மஞ்சள் கயிறு

ஒரு பிற்பகல் சிவமலர் தனியாக வந்தாள். சேலைக்கு மேல் தவராசாவின் ஜக்கெட். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வைதிருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தட்டில் ஒரு தாளை வைத்தாள்.

"அக்கா, இவர் சம்பளத்தை முழுக்க விட்டிட்டார். வாடகை கட்டேல்லை. வீட்டை எடுத்துப் போடுவினம் எண்டு கடிதம் வந்திட்டுது. வீடு இல்லாட்டி எனக்கும் பிள்ளைக்கும் விசா புதுப்பிக்க மாட்டினமாம். உங்கட கை ராசியான கையெண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கு ஒருக்கா மாத்தித் தாங்கோ. விட்டதை எடுத்திட்டுப் போயிடுவன்."

அவளுடைய கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு கிடந்தது. தாலிக்கொடியை அடைவு வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கண்டவுடன் விளங்கியது.

மாற்றாமல் விட எனக்கு அதிகாரம் இல்லை. புத்தி சொன்னால் கேட்கிற நிலையிலும் அவள் இல்லை. அவளைத் தடுக்க என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

என் கணவரை ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. உடலையும் யாரும் காட்டவில்லை. காட்டாத வரை நான் ஏன் பொட்டை அழிக்க வேண்டும்? பீலில் யார் கேட்டாலும், அவர் ஊரில் இருக்கிறார் என்பேன். அகதி விசாரணையில்கூட, காணாமல் போனவர் என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை.

"தங்கச்சி, என்ட கையில ராசி இல்ல. நான் புருசன் செத்தவள்."

சிவமலர் என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு, தட்டில் கிடந்த தாளை நான் தொடுவதற்கு முன் வெடுக்கென்று எடுத்தாள்.

"முருகா! இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதே?" என்றாள். நான் அவளை ஏமாற்றிவிட்டதுபோல் ஒரு பார்வை. தாளைப் பொத்திப் பிடித்தபடி வெளியே போய்விட்டாள்.

அடுத்தவர் தட்டில் தாளை வைத்தார். நான் மாற்றிக் கொடுத்தேன், நன்றி சொன்னேன்.

4. பிறகு

ஒரு கிழமைக்குள் என் வரிசை இல்லாமல் போயிற்று. வாயிலிருந்து வாய்க்குப் போக எங்கள் சனத்துக்குத் தந்தி தேவையில்லை. முந்தி ஒரு சாமத்தியவீட்டில் சுமங்கலி என்று என்னை ஆராத்தி எடுக்க வைத்திருந்தார்கள். பெரியபிள்ளையான அந்தப் பெண்ணின் தாய் என்னைத் தெருவில் மறித்து, "அக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்கள் வேற ஆளைப் பிடிச்சிருப்பமே" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். செருப்பால் அடித்திருக்கலாம்.

செஃப் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "உன்ர ஆக்கள் எல்லாரும் மொனிக்காட்டப் போறாங்கள். என்ன நடந்தது?"

"என் கணவர் இறந்துவிட்டார் என்று தெரிந்துவிட்டது" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

அவருக்குத் தொடர்பு விளங்கவில்லை. ஆனால் கதிரையை விட்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, என் கையைப் பிடித்து, "ஆழ்ந்த அனுதாபம்" என்றார். என் கணவருக்காக எனக்குத் துக்கம் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அங்கேயே நின்று அழுதேன். அடுத்த கிழமை என்னைக் கஸ்ஸாவிலிருந்து எடுத்துச் சாம்பல் கிண்ணம் துடைக்க விட்டவரும் அவர்தான்.

துடைத்துக்கொண்டு நிற்கும்போது தவராசாவை மொனிக்காவின் யன்னலில் கண்டேன். பக்கத்தில் நின்றவனிடம், "வெள்ளைக்காரிக்கு நல்ல கை மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய வாடகை வீடு போயிற்று. சிவமலர் மகளைக் கூட்டிக்கொண்டு வின்டர்தூரில் இருந்த தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மெஷின்களுக்குப் போகாமல் மிஞ்சியது, அன்று அவள் எடுத்துக்கொண்டு போன அந்த ஒரு தாள் மட்டும்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆடுகிறவனை மறிக்க உங்களிடம் உள்ளதைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அவனுக்குப் பக்கத்து யன்னல் திறந்தே இருக்கும். நான் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு, என் கணவர் ஊரில் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவேயில்லை.