திரையில் உறைந்த எண்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையத்துக்கு நான் ஒரு கணினி நிரல் எழுதிக்கொடுத்தேன். இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று ஒரு கருவி அளக்கும். அந்த எண்ணைத் தாதியர் மேசையிலுள்ள திரையில் காட்டுவதுதான் நிரலின் வேலை. குளோரின் மிஞ்சினால் நோயாளியின் இரத்த அணுக்கள் உடைந்துபோகும். வாரம் மூன்று நாள் அங்கே சாய்ந்திருந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

முன்பு அங்கே விண்டோஸ் கணினி. தானாக அப்டேட் ஆகும்படி யாரோ விட்டிருந்ததால், சிகிச்சையின் நடுவிலேயே அணைந்து எழும். அதற்குப் பயந்து லினக்ஸுக்கு மாற்றினேன். ஆனால் அந்த அளவுக் கருவியைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸுக்குக் கிடையாது. முகம் தெரியாத யாரோ இணையத்தில் போட்டிருந்ததை எடுத்துப் பொருத்தினேன். நிரல்மொழியிலும் சுலப வழிதான். சி-யில் எழுத மாதக்கணக்காகும். பைத்தானில் இரண்டு வாரத்தில் முடித்தேன். பிழை வந்தால் நின்றுவிடாமல், அதை விழுங்கிவிட்டு ஓடும்படி நானே எழுதியிருந்தேன்.

ஒரு காலை, அம்மாவுக்கு ஊசி ஏற்றியபின் திரையைப் பார்த்தேன். 0.02. மைலோ குடித்துவிட்டு வந்தேன். அதே 0.02. கடைசி இலக்கம் எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும். கணினியைத் திறந்து பார்த்தால், கருவியிடமிருந்து கடைசி அளவு வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. டிரைவர் நின்றுபோயிருந்தது; என் நிரல் அந்தப் பிழையை விழுங்கிவிட்டுப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

தலைமைத் தாதியிடம் ஓடினேன். "சிஸ்டர், அந்த நம்பர் பொய். நாப்பது நிமிஷமா மாறவே இல்ல."

"அப்போ தண்ணி?"

"தெரியல சிஸ்டர்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லா மெஷினையும் நிப்பாட்டுங்க!" என்று கத்திவிட்டு, தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்துச் சோதனை மருந்தைச் சொட்டினார். நிறம் மாறினால் குளோரின். நான் அம்மாவின் குழாயில் தெரிந்த இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் மாறியிருக்கிறதா, என் கண்தான் அப்படிக் காட்டுகிறதா?

"என்னப்பா, இப்படி வேர்த்திருக்கு?"

"ஒன்னுமில்லம்மா."

சோதனைக் குழாயில் தண்ணீர் நிறம் மாறாமல் தெளிவாகவே நின்றது. சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். "பழைய கம்ப்யூட்டர் செத்தா ஸ்கிரீன் கறுப்பாயிடும், தம்பி. பாத்தவுடனே தெரியும். உங்களோடது செத்தும் நம்பர் காட்டுது லா."

காரில் போகும்போது அம்மா கேட்டார். "தண்ணி சரியில்லையா?" உண்மையைச் சொன்னேன். பிறகு, "அடுத்த தடவ எனக்கும் சொல்லு. ஊசி என் கையிலதானே இருக்கு" என்றார்.

அந்த வாரமே மறுபடி விண்டோஸ், கருவியைத் தயாரித்தவர்களே தந்த டிரைவரோடு. நிலையம் மூடியிருக்கும் ஞாயிறன்று மட்டும் அப்டேட். பைத்தானை விட்டுவைத்தேன், ஆனால் பத்து வினாடிக்குக் கருவியிடமிருந்து புது எண் வராவிட்டால் திரை சிவந்து அலறும். தாதியர் மணிக்கொரு முறை கையாலும் சோதிக்கிறார்கள். இப்போதும் சிகிச்சை தொடங்குமுன் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு கருவியின் வயரைப் பிடுங்குவேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பத்தில் திரை சிவந்து அலறிய பிறகுதான் வயரைத் திரும்பச் சொருகுவேன்.