மூன்று குரல் மெஷினில் நான்காவது சத்தம்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. போன வாரம் வியாழக்கிழமை, மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் இது எனக்கு நடந்தது. என் பெயர் கீர்த்திகன். வரக்காப்பொலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். அங்கே வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை மடுவம் ஒன்று மூடிக் கிடந்தது. புது மடுவம் கட்டிய பிறகு பழையதன் சாவியைக் கெஞ்சி வாங்கி, அதில்தான் நாங்கள் இசை செய்தோம்.

நாங்கள் என்றால் நானும் ஆதிப்பும். அவனுக்கு ஊர் கேகாலையைத் தாண்டி மாவனல்லை. அவன் வாப்பாவின் பழைய சாமான் கடையில் தூசி பிடித்துக் கிடந்த கம்ப்யூட்டர்தான் எங்கள் வாத்தியம். எண்பதுகளில் வீடுகளுக்கு வந்த வகை. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி, பழைய டிவியில் சொருக வேண்டும். போட்ட மெட்டைக் கேசட்டில் பதிய வேண்டும், அதற்கு முதலில் ஒரு பெயர் தட்ட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று குரல் எழுப்பும். நான்காவது குரல் அதன் ஜாதகத்திலேயே இல்லை.

சனிக்கிழமை கொழும்பில் எங்களுக்கு முதல் மேடை. வியாழன் மாலை ஐந்தரைக்கு ஆதிப் பெரிய மனுஷன் மாதிரி சொன்னான்.

"மச்சான், மேடையில நான் தனிய வாசிக்கிறேன். நீ வயரக் கொழுவித் தந்தாப் போதும்."

"மெட்டெல்லாம் நான் போட்டதுடா!"

"மெஷின் எங்கட."

அவ்வளவுதான். நாளைக்கு வேன் கொண்டுவந்து மெஷினை ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு பைக்கில் கிளம்பினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷம் ராப்பகலாக உழைத்தவன் நான். வயர் கொழுவவா?

அந்த ஆத்திரத்தில்தான் அதைச் செய்தேன்.

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் இராஜசிங்கம் மாமா தப்பு அடிப்பார். அந்தத் தோல் மேளத்தில் சாவு அடியை அவர் சும்மா அடிக்கமாட்டார். செத்தவரின் பெயரை யாராவது சொன்ன பிறகுதான் குச்சி தோலில் படும். பெயர் கேட்காமல் அடித்தால் மேளம் ஆள் தேடும் என்பார். அந்தச் சாவு அடியை நான் மூன்றாவது குரலில் போட்டேன். பதியும்போது மெஷின் பெயர் கேட்டது. ஆதிப் என்று தட்டினேன். "செத்துத் தொலை" என்று வாய்விட்டும் சொன்னேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

6.12க்குப் பதிந்து முடிந்தது. ஓடவிட்டேன். இருபது விநாடி ஒழுங்காகப் போனது. பிறகு என் தப்புக்குப் பின்னால் இன்னொரு தப்பு... மெதுவாக, பிந்திப் பிந்தி.

டண்... டக... டண்...

டிவி ஸ்பீக்கரில் கோளாறு என்று நினைத்தேன். மூன்று குரலையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மூன்றும் நின்றன. அது நிற்கவில்லை.

6.19. பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது.

டண்... டக... டண்...

இப்போது வெளியே. வாசலில்.

கதவிடுக்கால் பார்த்தேன். மழை. ஆள் இல்லை. ஆனால் சேற்றில் கால்தடங்கள் விழுந்துகொண்டிருந்தன... நான் பார்க்கப் பார்க்க, ஒன்றன்பின் ஒன்றாக, ரோட்டுப் பக்கம்.

சத்தம் தேய்ந்தது.

6.31. போன் அடித்தது. ஆதிப். ஓட்டும்போது போனை ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டு பேசுவது அவன் வழக்கம்.

"டேய், ஆரடா இவங்க? கேகாலையில இருந்து என்ட பொறகால தப்பு அடிச்சிட்டு வாறாங்க!"

"எத்தன பேரு?"

"ஒருத்தரும் தெரியிதில்ல. நான் வேகமாப் போனா அதுவும் வேகமா வருது..."

"நிப்பாட்டாத! ஓட்டு!"

அவன் பெயரை அழிக்க வேண்டும். அது மட்டும்தான் மூளையில் ஓடியது. கேசட்டை முதலுக்குச் சுற்றினேன். பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கோடரில் போட்டு, அதன் மேலேயே வெறுமனே பதியவிட்டேன். நாடா ஆமை மாதிரி நகர்ந்தது.

போனில் அந்த அடி நெருங்கியது.

"மச்சான்... பைக் இழுக்குதில்லடா..."

"ஆக்ஸிலேட்டர முறுக்குடா!"

"பின் சீட்டுல... ஆரோ ஏறிட்டாங்க..."

டண் டக டண்.

டண் டக டண்.

யா அல்லாஹ் என்றான்.

6.38.

அடி நின்றது.

லைன் கட்டானது.

விடியும்வரை அவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவன் தங்கச்சி றிப்தா எடுத்தாள். நானா வீட்டுக்கு வந்துட்டாரு, காய்ச்சலா படுத்திருக்காரு என்றாள். அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். சந்தோஷத்தில் அழுதேன். சனிக்கிழமை மேடைக்கு இரண்டு பேரும் போகவில்லை. போனால் போகட்டும், ஆள் பிழைத்தானே என்றிருந்தது.

நேற்று மாவனல்லைக்குப் போய் அவனைப் பார்த்தேன். செய்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சத்தம் நின்ன பொறகும் பின் சீட்டுல இருந்தவன் எறங்கல்ல. காதுக்குள்ள கேட்டான். 'ஒம் பேரு அழிஞ்சு போச்சு. அப்ப யாருக்கு அடிக்கிறது? ஒரு பேரு சொல்லு'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான்.

"எனக்கு வீட்டுக்குப் போகணும்போல இருந்திச்சி மச்சான்... ஒன்ட பேரக் குடுத்துட்டேன்."